சவுரிமுத்துவின் கோடில்லாத் தவளைகள்

சவுரிமுத்துவின் வலது கை தவளையை எடைபோடும். வலைக்குள் கையை விட்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கிய மாத்திரத்தில் அது மாணவிகள் அறுக்கும் மெழுகுத் தட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும். ஆகும் என்றால் ஈரக் கோணிக்குள் போகும். ஆகாது என்றால் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிடுவார். அது தண்ணீரில் விழும் சத்தத்தைக்கூடக் கேட்கமாட்டார். அதற்குள் கை அடுத்ததைத் தேடிப் போயிருக்கும்.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் அவர் லேப் அட்டெண்டர். சொந்த ஊர் செம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். அப்பா கல்குவாரியில் ஜல்லி உடைத்து, இருமி இருமிச் செத்தார். பங்குச் சாமியார் யாரிடமோ சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை இது. கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் எடுத்தார்கள். ஏரிக்கரையில் வளர்ந்தவன் என்று தெரிந்ததும் தவளை பிடிக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. முதல் வருடம் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். அப்போது துறைத்தலைவராக இருந்தவர் ஒரு சின்னத் தவளையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்காட்டி, இதில் நரம்பை எங்கே தேடுவது, பூதக்கண்ணாடி நீ வாங்கித் தருவாயா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். மாணவிகள் சிரித்தார்கள். அன்றைக்கு வந்தது அந்த எறிதல்.

பிராக்டிகலுக்கு வேண்டியது பச்சைத் தவளை. ஏரியிலும் குட்டையிலும் அல்லி இலைமேல் உட்கார்ந்திருக்குமே, அது. முதுகின் நடுவில் வெளிர்கோடு ஒன்று ஓடும். பெட்டைதான் பெரியது; உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு வரும். ஆண் சிறுத்திருக்கும், தாடையோரம் கறுத்த மடிப்பு விழுந்திருக்கும். ஆக, கோணிக்குள் போனதெல்லாம் பெட்டை. சவுரிமுத்துவுக்கு அது தெரியும். தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லாததால் நினைத்துப் பார்த்ததில்லை. மாணவிகள் தட்டோடு வரிசையில் நின்று, "அண்ணா, எனக்குப் பெருசா ஒண்ணு குடுங்கண்ணா" என்பார்கள். பெருசாகத்தான் கொடுப்பார். திருநீர்மலை அடிவாரத்துக் குளம், பொழிச்சலூர்க் குட்டைகள், செம்பாக்கம் ஏரி என்று வருடத்துக்கு ஓரிடமாகச் சுற்றி வந்தார். சொந்தக்காரர்கள் அவரைத் தவளை சவுரி என்றார்கள். மனைவி பேபி, கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் சோறு என்றாள்.

அபிதகுஜாம்பாள் மேடம் துறைக்கு வந்தது எண்பத்திரண்டில். மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். டாக்டர் பட்டத்துக்குத் தவளையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அறுப்பது அல்ல, ரத்தம் எடுப்பது. ஒவ்வொரு ஏரியிலிருந்தும் சவுரிமுத்து பிடித்துக்கொண்டுவர வேண்டும். மேடம் துளி ரத்தம் எடுத்துக்கொண்டு தவளையைத் திருப்பிக் கொடுப்பார்; எடுத்த இடத்திலேயே போய் விடவேண்டும். இது சவுரிமுத்துவுக்கு வேடிக்கையாக இருந்தது. ரத்தத்தை மாவுக்கூழ்போன்ற ஒரு பாளத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அது பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். அந்தப் பட்டைகளை வைத்துத் தவளையின் வம்சத்தைச் சொல்லிவிடலாம் என்றார் மேடம்.

செம்பாக்கத்துக்குக் கிழக்கே பாறைமேட்டுக்கு நடுவில் கங்கையம்மன் குட்டை என்று ஒன்று இருந்தது. எந்த ஏரிக்கால்வாயும் அதற்குள் வராது. வெள்ளத்திலும் ஏரித்தண்ணீர் அந்த மேட்டை ஏறாது. மேலே விழுந்த மழை மட்டும்தான். அதில் இருந்த பச்சைத் தவளைகளுக்கு முதுகில் கோடு கிடையாது. சவுரிமுத்து சிறுவயதிலிருந்து பார்த்துவருவது. பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல் சொன்னார். மேடம் அதன் ரத்தத்தை ஓட்டிப் பார்த்தார். மற்ற எந்தத் தவளைக்கும் விழாத இடத்தில் ஒரு பட்டை விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது தவளைக்கும் விழுந்தது.

"சவுரி, இது இந்த ஒரு குட்டைக்கு மட்டும் சொந்தம். இங்கே போச்சுன்னா அவ்வளவுதான், வேற எங்கேயும் கிடையாது" என்றார் மேடம். அன்றிலிருந்து அந்தக் குட்டையில் பிராக்டிகலுக்குப் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு.

சவுரிமுத்து இதை வீட்டில் பெருமையாகச் சொன்னார். பேபி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அப்போ இத்தினி வருசமா அதுல எத்தினிய அறுத்துக்கினு கெடந்தீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு சில வருடம் அவர் அந்தக் குட்டைக்குக் காவல்காரர்போல ஆனார். ஏற்றுமதிக்குத் தவளைக்கால் வாங்கும் ஏஜெண்டுகளின் ஆட்கள் வந்தால், பாறையில் நல்லபாம்பு குடியிருக்கிறது என்று கிளப்பிவிட்டார். எண்பத்தேழில் அரசாங்கம் அந்த ஏற்றுமதியையே நிறுத்தியது. மேடம் துறையில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். இனி ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எண்பத்தொன்பதில் பக்தவச்சலம் வந்தார். உள்ளூர்க்காரர்தான், நிலம் வாங்கி மனை போட்டு விற்பவர். பாறைமேட்டைச் சுற்றிக் கம்பம் நட்டு ஏதோ ஒரு நகர் என்று பெயர்ப்பலகை வைத்தார். மேடம் மனுக்கள் எழுதினார், பெரிய அலுவலகங்களில் காத்திருந்தார். குட்டை யாருடைய பட்டாவில் இருக்கிறது என்று கேட்டார்களே தவிர அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தவச்சலம் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஜனங்க குடியிருக்க எடம் இல்லாம அல்லாடறாங்க. நீங்க தவளைக்கு வூடு கேக்கறீங்களே" என்றார்.

மண் லாரி வந்த அன்று மேடம் விடைத்தாள் திருத்த நகரத்துக்குப் போயிருந்தார். பேபியின் தம்பி ஏசுபாதம் சைக்கிளில் வேகமாக வந்து சொன்னான். சவுரிமுத்து ஆபீஸ் போனிலிருந்து மேடத்தைப் பிடித்தார். "கிடைக்கிறது எல்லாத்தையும் எடுத்துண்டு வந்துடு, சவுரி. பின்னாடி சிமெண்ட் தொட்டியெல்லாம் காலி பண்ணி வெச்சுக்கோ" என்றார் மேடம். வேறு எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடமாகப் பிடிக்கிறவருக்கு என்ன சொல்வது.

சவுரிமுத்துவும் ஏசுபாதமும் போய்ச் சேர்ந்தபோது குட்டையின் ஒரு கரை மண்ணாகிவிட்டிருந்தது. தண்ணீர் செம்மண் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் நவுரு நவுரு என்று கத்தினார்கள். கோணி இரண்டுதான் இருந்தது. கோணிக்குள் அளவுக்கு மேல் திணித்தால் மூச்சுமுட்டிச் சாகும். அது சவுரிமுத்துவுக்குத் தெரிந்த பாடம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வலையை வீசினார். தவளைகள் பயந்து அல்லிக்கொடிக்கு அடியில் கூட்டமாக ஒண்டியிருந்ததால் அள்ள அள்ள வந்தன. அவ்வளவு வேகமாக அவர் என்றும் பிடித்ததில்லை. கை எடுத்தது, எடைபார்த்தது, கோணியில் போட்டது, பின்னால் எறிந்தது. கரையிலிருந்து ஏசுபாதம், "மச்சான், பெருசு பெருசா வருது" என்று சந்தோஷமாகச் சொன்னான். ஒரு பெட்டையின் முதுகைச் சின்னது ஒன்று இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தது. பிரிக்கப் பார்த்தார், விடவில்லை. நேரமில்லை என்று இரண்டையும் சேர்த்துக் கோணிக்குள் போட்டார்.

சாயங்காலம் மேடம் வந்து தொட்டிகளைப் பார்த்தார். கொழுத்த பச்சைத் தவளைகள், ஒன்றுக்கும் முதுகில் கோடில்லை. மேடம் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறுபெண்போலச் சிரித்தார். சவுரிமுத்து சட்டையெல்லாம் சேறாக நின்றார். அவர் வாழ்க்கையில் ஒருவர் அவர் வேலையைப் பார்த்து அப்படிச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மழை பிடித்ததும் தண்ணீர்மேல் முட்டை, கறுப்புப் பொட்டு வைத்த ஜவ்வரிசிக் கஞ்சிபோல் படர்ந்தது. பிறகு தலைப்பிரட்டை, வால் சுருங்கி விரல்நுனி அளவுத் தவளை. கல்லூரியின் பின்பக்கத் தோப்பில் ஒரு குளம் வெட்டி அதில் இவற்றை விடுவது என்று மேடம் முடிவு செய்தார். அங்கே அவை தாமாகப் பெருகிவிட்டால் கங்கையம்மன் குட்டை வேறோரிடத்தில் பிழைத்துக்கொண்டதாக ஆகிவிடும். சவுரிமுத்துவே மண்வெட்டி பிடித்தார். பாறைமேட்டில் வீடுகள் எழும்பின. அந்தப் பக்கம் போக நேர்ந்தால், போங்கடா, எல்லாம் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

முதல் தலைமுறை நன்றாகவே வளர்ந்தது. அதன் குஞ்சுகளில்தான் கோளாறு தொடங்கியது. முட்டைகளில் பாதி வெளுத்துப் பூஞ்சை பிடித்தது. பொரித்த தலைப்பிரட்டைகளில் சில, வால் கோணி ஒரே வட்டமாகச் சுற்றின. குளத்தில் விட்டவை அடுத்த கோடையைத் தாண்டவில்லை. மேடம் தண்ணீரைச் சோதித்தார், தீனியை மாற்றினார், தொட்டிக்குச் சுண்ணாம்படித்தார். சவுரிமுத்து ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கல்லூரிக்கு வந்து தண்ணீர் மாற்றினார். அடுத்த மழையில் இன்னும் மோசம்.

கடைசியில் மேடம் தொட்டித் தவளைகளின் ரத்தத்தை ஓட்டிப் பார்த்தார். பாளத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பழைய குட்டைத் தவளைகளுக்கு ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது. இப்போது எல்லாம் ஒரே அச்சு. மேடம் சவுரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் குட்டையிலேருந்து எடுத்துண்டு வந்தியே, அதுலே ஆண் எத்தனை?"

"பெருசா பாத்துத்தான் மேடம் எட்த்தேன்."

"ஆண் எத்தனைன்னு கேட்டேன்."

"ஒண்ணு வந்துச்சு. பெட்ட மேல குந்திக்கினு இருந்துச்சி. இஸ்து பாத்தேன், வுடல. செரி வரட்டும்னு போட்டுக்கினேன்."

"மத்ததெல்லாம்?"

"சின்னதுங்க மேடம். வுட்டுட்டேன்."

"எங்கே விட்டே?"

சவுரிமுத்துவுக்குப் பதில் தெரியும். வாய் திறக்கும்போதுதான் அது என்ன பதில் என்று புரிந்தது. லாரி மண் கொட்டிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரில். தோளுக்கு மேலாக. அவை விழுந்த சத்தத்தை நினைவில் தேடினார். கேட்டதே இல்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நானும் பார்க்கலை. முட்டை வந்துதே, அதுலேயே குளுந்து போயிட்டேன்" என்றார். பிறகு, வகுப்பில் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார். எத்தனை பெட்டை இருந்து என்ன, அப்பா ஒன்றே. அந்த ஒன்றின் ரத்தத்தில் எந்தக் குறை மறைந்திருந்ததோ, அது அண்ணன் தங்கைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ந்து இப்போது வெளியே வருகிறது. மற்ற ஆண்களிடம் இருந்த நல்லதெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டது. எண்ணிக்கை நூறு இருந்தாலும் இது ஒரு தவளைதான், சவுரி, ஒன்றே ஒன்று.

பேபியிடம் ஒரே ரத்தம் சேர்ந்தால் வரும் கேட்டைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "எங்கம்மா தாய்மாமனத்தான் கட்டிக்கினா. நானும் ஏசுபாதமும் கோணலாவா பொறந்தோம்?" என்றாள். சவுரிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என் தம்பி கொஞ்சம் கோணல்தான், வுடுங்க" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. திருநீர்மலைக் குளத்திலிருந்து கோடுள்ள ஆண் தவளை நாலைந்து கொண்டுவந்து தொட்டியில் விட்டால் என்ன. மேடம் முடியாது என்றார். அப்புறம் பிறப்பது அந்தக் குட்டைத் தவளையாக இருக்காது, இரண்டுங்கெட்டானாக இருக்கும், அதைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம் என்றார். சவுரிமுத்து எதிர்த்துப் பேசவில்லை. பேச அவருக்கு வாயில்லை என்று நினைத்தார். இரண்டு மழை அப்படிப் போயிற்று. இரண்டாவது மழையில் வந்த முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மேடம் அன்று தொட்டிப் பக்கம் வந்தார், பார்த்தார், போகும்போது திரும்பாமலே, "போய்க் கொண்டு வா. கோடு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

சவுரிமுத்து வலையோடு திருநீர்மலைக்குப் போனார். மலையைப் பக்தர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்துக் குளம் முழுக்க ஆகாயத்தாமரை, அதற்குக் கீழே தோல்பட்டறைத் தண்ணீர். கால் வைத்தால் எரிந்தது. பொழிச்சலூர்க் குட்டைகள் இருந்த இடத்தில் மாடிவீடுகளும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. செம்பாக்கம் ஏரியில் இரண்டு நாள் கரையோடு நடந்தார். குப்பை ஒதுங்கியிருந்தது. சாக்கடை கலக்கும் வாயில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், "இன்னாண்ணா, தவளையா? கொசு வேணும்னா கீது, அள்ளிக்கினு போ" என்றான். சொறித்தவளை இருந்தது. மண்வளைத் தவளை இருந்தது. அல்லி இல்லை, அல்லிமேல் உட்காருவதும் இல்லை.

கரையில் உட்கார்ந்தார். மண்ணும் சாக்கடையும் பிறகு வந்தவை. அதற்கு முன்பே இங்கெல்லாம் வருடா வருடம் ஒருவர் வந்திருக்கிறார். முட்டையிடப் போகிற பெரிய பெட்டைகளாகப் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஆள் சின்னதையாவது விட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தார். அவர் வெறுங்கையோடு திரும்பியபோது மேடம், செங்கல்பட்டுப் பக்கம் விசாரிப்போம் என்றார். விசாரிக்கவில்லை. மேடத்துக்கும் அலுத்துவிட்டது.

தொண்ணூற்றாறு ஏப்ரல். பல்கலைக்கழகப் பிராக்டிகல் பரீட்சை. தவளை இப்போது வெளியிலிருந்துதான் வந்தது. மதுராந்தகம் தாண்டி எங்கிருந்தோ ஐசக் என்ற ஒருவர் கொண்டுவருவார். அன்று காலை அவர் கோணியை அவிழ்த்தபோது நாற்றம் குப்பென்று வந்தது. வழியில் பஸ் பழுதாகி வெயிலில் நின்றிருக்கிறது. ஒன்றுகூட உயிரோடு இல்லை. வெளித்தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். மாணவிகள் வெள்ளைக் கோட்டோடு வராந்தாவில் நின்று வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது, பின்னால் தொட்டியில் தவளை இருக்கிறதாமே என்று.

மேடம் முதல்வர் அறைக்குப் போய்விட்டு நேரே தொட்டிக்கு வந்தார். சவுரிமுத்து அங்கேதான் நின்றிருந்தார்.

"இந்தப் பொண்ணுங்க ஒரு வருஷம் இழக்கும், சவுரி."

"ஆமா மேடம்."

"இதுங்க இனிமே முட்டை விடாது. விட்டாலும் பொரிக்காது. நமக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"எடுத்துக்கோ" என்றார் மேடம். கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்தார். "கல்லீரலை மட்டும் தனித்தனியா ஐஸ்லே போட்டு வை. பின்னாலே யாராவது கேட்டா காட்டறதுக்கு." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

சவுரிமுத்து குளோரோஃபார்ம் ஜாடியைத் தொட்டியோரம் கொண்டுவந்து வைத்தார். சட்டைக்கையைச் சுருட்டினார். தவளைகள் அவரைத் தீனி போடுகிறவராகத்தான் அறிந்திருந்தன; விலகிப் போகாமல் கையருகே வந்தன. கை வேலையைத் தொடங்கிற்று. பெருசு முதலில். இடுப்பைப் பிடித்துத் தூக்கியது, எடைபார்த்தது, ஜாடிக்குள் விட்டது. பிறகு அடுத்தது. பஞ்சின் வாசனையில் ஒவ்வொன்றும் காலை நீட்டி அடங்கிற்று. முடியும் நேரத்தில் சின்னது ஒன்று கையில் வந்தது. தாடையோரம் கறுத்த மடிப்பு. அவர் நினைப்பதற்குள் கை அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டது. பின்னால் அடுத்த தொட்டி இருந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம் இந்த முறை கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தட்டுகளில் வைத்து வரிசையாகக் கொடுத்தார். மாணவிகள் கால்களை விரித்து ஊசி குத்தினார்கள். வெளித்தேர்வாளர் நடந்துவந்து ஒரு தட்டின் முன் நின்று, இவற்றுக்கு முதுகில் கோடு காணோமே என்று பொதுவாகச் சொன்னார். பிறகு அடுத்த மேசைக்குப் போனார்.

கடைசி மேசையில் இருந்த பெண் கையை உயர்த்திச் சவுரிமுத்துவைக் கூப்பிட்டாள். அழும் நிலையில் இருந்தாள்.

"அண்ணா, என்னோடது ரொம்பச் சின்னதா இருக்குண்ணா. மாத்திக் குடுங்கண்ணா."

சவுரிமுத்து அவள் தட்டைப் பார்த்தார். மேடம் இருந்த பக்கம் பார்த்தார்.

"வேற இல்லம்மா" என்றார். "இதுதான் கடைசி."